ரெஃபர் சீட்டை எழுதப் பழகுங்கள்: டெல்டா பி.எச்.சி.க்கு வரும் தங்கச்சிகளுக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பதினாலு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, "அக்கா, அடுத்து என்ன கோர்ஸ் படிக்கலாம்?" சொல்கிறேன். அதற்கு முன்னால் யாரோடு சேர்ந்து வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கொடுக்கிற ரெஃபர் சீட்டை ஒழுங்காக எழுதவும் பழகுங்கள்.

முதல் மாதமே வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவோடு துணை சுகாதார நிலையங்களுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒரு நிலையத்துக்கு 5,000 பேர் கணக்கு. எந்த வீட்டு மருமகள் எத்தனையாவது மாசம், எந்த வீட்டில் இரும்புச்சத்து மாத்திரை பிரிக்காமலே பரணில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் படித்தது இரண்டு வருஷம், நாம் நாலு வருஷம் என்ற நினைப்பை பஸ்ஸிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கான சுகர் டெஸ்ட்டைப் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். 140, அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. நடவுக்குப் போகிற பெண் 2 மணி நேரம் உட்கார மாட்டாள். கூலி போய்விடும். அதனால் வந்தவுடன் குளுக்கோஸைக் கொடுத்துவிட்டு, அப்புறம் எடை, பி.பி., பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசு ஆன்லைன் பதிவேடு) பதிவு, சாப்பாட்டுப் பேச்சு எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் முடிப்போம். பிரசவமாகி 6 வாரத்தில் அதே டெஸ்ட்டுக்கு அவளை மறுபடி கூப்பிட வேண்டும். அங்கே வி.எச்.என். அக்கா இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இப்போது சீட்டு விஷயம். நான் வந்த முதல் வருஷம், சம்பா நடவு நேரம். நிறைமாசக்காரி, தலைவலி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று வந்தாள். பி.பி. 170/110, யூரினில் புரோட்டீன். டாக்டரிடம் போனில் கேட்டு, வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டேன். பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், மொத்தம் 10 கிராம். ஆம்பூலுக்கு 1 கிராம்தான். பத்தையும் உடைத்ததில் கட்டைவிரல் கிழிந்து ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு 108-ல் ஏற்றிவிட்டேன். சீட்டில் எழுதியது, "பி.பி. அதிகம், மேல் சிகிச்சைக்கு". அவ்வளவுதான்.

ஊசி போட்டாச்சா, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி முழு டோஸ் போட்டால் மூச்சையே அடக்கிவிடக்கூடிய மருந்து. எங்கள் நம்பரைத் தேடிப்பிடித்துக் கேட்கும்வரை அவள் அப்படியே படுத்திருந்தாள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். போனில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து என் சீட்டில் பி.பி., குழந்தை இதயத்துடிப்பு, ஹெச்.பி. (ஹீமோகுளோபின்), ரத்த வகை, மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், மணி எல்லாம் இருக்கும். மக்னீசியம் போட்டால் மூச்சு எண்ணிக்கை, முழங்கால் தட்டினால் உதறுகிறதா, யூரின் அளவு என்று அதையும் சேர்ப்பேன். வண்டி கிளம்புமுன் அங்கே லேபர் வார்டு சிஸ்டருக்கு நேராகப் போன். மறுநாள் இன்னொரு போன், "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று. ஒரு வருஷம் இப்படிச் செய்தால், உங்கள் குரல் கேட்டதும் "அனுப்பும்மா" என்பார்கள்.

பார்ட்டோகிராஃபும் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடத் தாள்) அப்படியே. கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் தொடங்குங்கள், கோடு அலர்ட் லைனை (எச்சரிக்கைக் கோட்டை) வலப்பக்கம் தாண்டினால் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்தபிறகு டீ குடித்துக்கொண்டே நிரப்புகிற தாள் யாருக்கும் உதவாது. (நிரப்பியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.)

கோர்ஸுக்கு வருவோம். 2018 டிசம்பரில் மத்திய அரசு மிட்வைஃப்ரி (பிரசவம் பார்க்கும் செவிலியர் பணி) வழிகாட்டுதலை வெளியிட்டது. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிந்த நர்ஸுக்கு 18 மாதப் பயிற்சி: ஒரு வருஷம் படிப்பும் பழக்கமும், 6 மாதம் இன்டர்ன்ஷிப். சிக்கலில்லாத பிரசவத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை அந்த மிட்வைஃபே பார்ப்பார். சிக்கல் என்றால் டாக்டர். பி.பி., சுகர் நோயாளிகளைப் பார்ப்பதில் மனசிருந்தால் துணை நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை இருக்கிறது. எதுவானாலும் இரண்டு வருஷம் லேபர் ரூமில் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் போங்கள். ஊர் உங்களைக் "கைராசிக்கார சிஸ்டர்" என்று சொல்லும். அப்படிச் சொல்வது நீங்கள் சரியான நேரத்தில் அனுப்பிவைத்த பெண்களின் மாமியார்களாகத்தான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வேலை கூடும். மழைக்காலமான அந்த இரண்டு மாதத்தில் பிரசவத் தேதி உள்ள கர்ப்பிணிகள் பட்டியலை வி.எச்.என். அக்காவிடம் புரட்டாசியிலேயே வாங்கிவிடுவேன். கஜா புயலில் மரம் விழுந்து ரோடெல்லாம் அடைபட்டதிலிருந்து நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: "வண்டி வரும் தடம்". ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பாலம் மூழ்கும், சுற்று வழி எது, மழைக்கு முன்னாலேயே வந்து தங்க யார் வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கும். 108 டிரைவர் தம்பி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.