பிக்சல் ஷிஃப்ட் படத்தில் அசைந்தவற்றைச் சரிசெய்ய
பிக்சல் ஷிஃப்ட் முறையில் (சென்சாரைச் சற்றே நகர்த்தி எடுத்த பல ஷாட்டுகளை ஒன்றாக்கும் முறை) இணைத்த நிலக்காட்சியில் அசைந்த பொருள்கள் சிதைந்திருந்தால், அதே தொடரின் ஒரேயொரு ரா படத்தை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) எடிட்டிங் மென்பொருளில் திறந்து, அதே வெள்ளைச் சமநிலையும் வெளிச்சமும் கொடுத்து, இணைத்த படத்தின் அளவுக்குப் பெரிதாக்கி, மேல் லேயராக வைத்து, சிதைந்த இடங்களில் மட்டும் மென்மையான விளிம்புள்ள மாஸ்க் (லேயரின் வேண்டாத பகுதியை மறைக்கும் வசதி) மூலம் தெரியவிடுங்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் சென்சார் ஒரு பிக்சலோ அரை பிக்சலோ நகர, காட்சி அசையவில்லை என்ற கணக்கில்தான் மென்பொருள் அவற்றை இணைக்கிறது. உதாரணமாக, மலேசியாவின் பினாங்குக் கொடிமலையிலிருந்து எடுக்கும்போது ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் அப்படியே நிற்க, நீரிணையைக் கடக்கும் பெர்ரி ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறுவதால், அதன் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் விழுகின்றன. ஒற்றைப் படத்தில் இச்சிக்கல் இல்லை; அதன் நுணுக்கக் குறைவும் அலைகளில் அநேகமாகத் தெரியாது.

காற்றில் மரங்கள் முழுவதும் ஆடினாலோ டிரைபாட் அசைந்தாலோ இது உதவாது. அப்போது ஒற்றைப் படமே மேல். இணைத்த கோப்பை மட்டும் சேமிக்கும் கேமராவாக இருந்தால், சாதாரண ஷாட் ஒன்றையும் கையோடு எடுத்துவிடுங்கள்.