ஈறில் ரத்தம் கசிந்தால்: வீட்டுக் கண்ணாடியிலிருந்து பல் டாக்டர் நாற்காலி வரை

பல் டாக்டர் ஈறை ஒரு மெல்லிய கம்பியால் தொட்டுக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் "த்ரீ, டூ, த்ரீ... ஃபைவ், ஃபோர், சிக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே போவார். வாயைப் பிளந்து படுத்திருப்பவருக்கு அது என்ன கணக்கு என்று புரியாது. வெளியே வந்ததும் "கிளீனிங் பண்ணணுமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஈறு நோயைப் பற்றி நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த எண்களைத்தான்.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் இந்தி சரியாக வராத நம் ஆட்களுக்குத் துணையாகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வருபவன். டாக்டர்கள் திரும்பத் திரும்ப விளக்குவதையும், நம்மவர்கள் திரும்பத் திரும்பப் பயப்படுவதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

1. முதலில் கண்ணாடி

நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே கூர்மையாக முடியும். நம் நிறத்துக்காரர்களுக்கு ஈறில் பழுப்பாகவோ கருப்பாகவோ திட்டு இருப்பது இயல்பு. சின்ன வயதிலிருந்தே அப்படியே இருந்தால் அது நோய் இல்லை. சிவந்து, உப்பி, பளபளவென்று இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, கீழ் முன்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது காரை, அதாவது பல்லில் கல் மாதிரி இறுகிப்போன படிவு. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அந்த இடத்தில் திறப்பதால் காரை அங்கேதான் சீக்கிரம் கட்டும். மேல் கடவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் அதே கதைதான்.

துப்பும்போது வாஷ்பேசினில் சிவப்பு, கொய்யாவைக் கடித்தால் பழத்தில் ரத்தக் கோடு, காலையில் எழுந்ததும் போகாத வாய் நாற்றம், முன்பு இல்லாத பல் இடுக்கு, பல் நீளமாகிவிட்டது போன்ற தோற்றம் என எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். "வலியே இல்லையே" என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் முற்றும். வலி வரும்போது பல் ஆட ஆரம்பித்திருக்கும்.

சிகரெட் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ரத்தம் எட்டிப் பார்க்காது. அதனால் ரத்தம் வரவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

2. உள்ளே நடப்பது என்ன

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து, பிசுபிசுப்பாக ஒரு படலம் உருவாகும். அதன் பெயர் பிளேக். பிரஷ் பட்டால் போய்விடும். போகாமல் தங்கினால் உமிழ்நீரில் உள்ள கால்சியம் அதில் ஏறி, சில நாட்களில் காரையாக இறுகும். போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் படியும் உப்பு மாதிரிதான்; எவ்வளவு தேய்த்தாலும் பிரஷுக்கு அசையாது.

கிருமிகளோடு உடம்பு சண்டை போடுவதால் ஈறு சிவந்து வீங்கும். இந்த முதல் கட்டத்துக்கு ஜிஞ்ஜிவைட்டிஸ் என்று பெயர். இது முழுமையாகக் குணமாகும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் உடனிருந்தவர்களும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆகி பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அப்படியே விட்டால் சிலருக்கு அடுத்த கட்டம் வரும்: பெரியோடான்டைட்டிஸ். ஈறு பல்லை விட்டு விலகி நடுவே பள்ளம் விழும்; பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்ப வளராது. இந்தக் கட்டத்தில் டாக்டர் செய்வது நோயை அங்கேயே நிறுத்தி வைப்பதுதான்.

3. போகும் முன் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எல்லாம் எழுதுங்கள், அல்லது அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை இருந்தால் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். இரண்டுக்கும் சேர்ந்து வைத்தியம் பார்த்தால்தான் பலன். கர்ப்பமாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாதங்களில் ஈறு வீங்குவது சகஜம். அதற்காகக் கிளீனிங்கை ஒத்திப் போட வேண்டியதில்லை.

புகையிலையை மறைக்காதீர்கள். மகாராஷ்டிராவில் 2012 முதல் குட்காவுக்குத் தடை என்பது உண்மை. கிடைக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. நம் வீட்டுப் பெண்களில் சிலருக்கு இங்கே வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பழக்கமாக மிஸ்ரி தொற்றிக்கொள்கிறது. புகையிலையை வறுத்துப் பொடித்த அந்தக் கருப்புத் தூளைப் பல்பொடி என்றே நினைத்து ஈறில் தேய்க்கிறார்கள். டாக்டர் "தம்பாக்கு?" (புகையிலை உண்டா) என்று கேட்டால் "சீச்சீ, இல்லை" என்பார்கள். மிஸ்ரியும் தம்பாக்குதான், சொல்லிவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வரி போதும்: "மசூடோன் ஸே கூன் ஆதா ஹை" (ஈறிலிருந்து ரத்தம் வருகிறது), "தாந்த் ஹில் ரஹா ஹை" (பல் ஆடுகிறது).

4. எங்கே போவது

தெருமுனை கிளினிக்கிலேயே சாதாரண கிளீனிங் செய்துகொள்ளலாம். பல் ஆடுகிறது, சீழ் வருகிறது என்றால் ஈறுக்கென்று எம்.டி.எஸ். படித்த பெரியோடான்டிஸ்ட்டைக் கேட்டுப் போங்கள். செலவு தாங்காது என்றால் மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் பல் மருத்துவக் கல்லூரி, சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அருகே செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) எடுக்க வேண்டும். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் வந்து பார்ப்பார். அதனால் நேரம் பிடிக்கும். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவதுதான் நல்லது.

5. அந்த எண்கள்

கம்பியின் பெயர் புரோப். மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. "த்ரீ, டூ, த்ரீ" என்பது ஒரு பல்லின் ஒரு பக்கம்.

1 முதல் 3 வரை நல்ல எண். 4 வந்தால் எச்சரிக்கை. 5, 6 என்றால் பிரஷோ, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலோ (ஃபிளாஸ்) எட்டாத ஆழத்தில் கிருமி குடியிருக்கிறது. 7-க்கு மேல் போனால் அந்தப் பல்லைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். எண்ணோடு "ரத்தம்" என்றும் குறிப்பார்கள். தொட்டதும் கசிந்தால் அங்கே இன்னும் வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எழுந்திருக்கும் முன் கேளுங்கள்: "எனக்கு 4-க்கு மேல் எத்தனை இடம்? அதிக ஆழம் எந்தப் பல்லில்?" சார்ட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

6. கிளீனிங், அதாவது ஸ்கேலிங்

நொடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதிரும் ஒரு முனை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைத்து எடுக்கும். கூச்சம் இருக்கும், கிர்ரென்ற சத்தம் இருக்கும், துப்பும்போது கொஞ்சம் ரத்தமும் வரும்.

"கிளீனிங் பண்ணினதும் பல் ஆட ஆரம்பிச்சுடுச்சு, இடுக்கு விழுந்துடுச்சு" என்ற புகாரைக் கேட்காத நாளே இல்லை. நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே போய், பல்லைக் காரைதான் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி வைத்திருந்தது. காரை போனதும் உள்ளே இருந்த ஆட்டமும் இடுக்கும் வெளியே தெரிகின்றன. முறையாகச் செய்த ஸ்கேலிங்கில் எனாமல் தேயாது. சில நாள் கூச்சம் இருக்கலாம், அது அடங்கிவிடும்.

7. ஆழமான பள்ளத்துக்கு

4, 5-க்கு மேல் இருந்தால் ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்கள். மரத்துப்போக ஊசி போடுவதால் வலி தெரியாது. வாயை நாலு பாகமாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ பாகம் செய்வது வழக்கம். ஆன்டிபயாடிக் மட்டும் எழுதி அனுப்பினால் அது வைத்தியம் ஆகாது. மாத்திரையால் காரை கரையாது.

சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி அளப்பார்கள். 6 இருந்த இடம் 4 ஆகியிருக்கலாம். பலர் இந்த மறு அளவுக்குப் போவதே இல்லை. போகாவிட்டால் செய்த வைத்தியம் பலித்ததா என்று யாருக்கும் தெரியாது.

அப்போதும் பள்ளம் ஆழமாகவே இருந்தால் ஃபிளாப் சர்ஜரி செய்வார்கள். ஈறை லேசாக விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவார்கள். பள்ளத்தின் அமைப்பு ஒத்து வந்தால் எலும்புத் தூளும் வைப்பார்கள். தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். மேலும் கீழுமாகவே அமுங்கி ஆடும் பல்லைப் பெரும்பாலும் எடுக்கத்தான் சொல்வார்கள்.

8. வீட்டில்

மெத்தென்ற பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும், இரவில் கட்டாயம். உப்பு, கரி, செங்கல் தூள் எதுவும் வேண்டாம். இடுக்கு பெரிதாக இருந்தால் நூலைவிட இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். எந்த சைஸ் என்று டாக்டரிடமே கேளுங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பை அவர் சொன்ன நாள் வரை மட்டும், பேஸ்ட் தேய்த்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

பெரியோடான்டைட்டிஸ் வந்தவர்கள் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே ஏப்ரலில் ஒரு தேதி வாங்கிவிடுங்கள். ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் மட்டும் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.