வானிலைக் கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் முன்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளிலிருந்து மாணவர்களை அழைத்துக்கொண்டு, வானிலை ஆய்வையும் செயற்கைக்கோள் ஆய்வையும் ஒரே வளாகத்தில் பார்த்துவர நினைக்கும் ஆசிரியர்களுக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையே முதலில் சொல்வேன். வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், தொலையுணர்வுத் துறை இரண்டும் அங்கே உள்ளன. மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, வரும் நாள் ஆகியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் சில வாரங்களுக்கு முன்பே அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள்.

அக்கடிதத்தில், காலை வானிலை அளவெடுப்பை நேரில் பார்க்க விரும்புகிறோம் என்றும் சேர்த்து எழுதுங்கள். அங்கே காலை அளவு 7.22 மணிக்கு எடுக்கப்படுகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. கோவை ஏறத்தாழ 77 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், அவ்வூரின் சூரிய நேரம் ஏழு மணி ஆகும்போது நம் கடிகாரம் 7.22 காட்டும். இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு அந்நேரத்தைப் பிடிக்க இயலாது; முந்தைய நாளே போய்த் தங்குவது நல்லது.

பயணத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை மாணவர்கள் தாங்களே அளக்கட்டும். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். வீட்டு முற்றத்தில் வைக்கக் கூடாது. நாற்புறக் கூரை நீரும் சேர்ந்து அளவு பிழைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆகவே 25 மி.மீ. மழை பெய்தால், 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையிலிருந்து 5,000 லிட்டர் நீர் அம்முற்றத்தில் இறங்குகிறது. தன் வீட்டுக்கு இக்கணக்கைப் போட்ட பிள்ளை, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுசேர்க்கும் வரத்துக்கால் ஏன் வேண்டும் என்பதைத் தானே கேட்கும்.

கூடத்தில் வெப்பமானிகள் வைத்த வெள்ளை மரப்பெட்டியின் கதவு வடக்கு நோக்கியிருப்பதைக் காட்டுங்கள். திறக்கும்போது நேர்வெயில் படாதிருக்கவே அந்த ஏற்பாடு. பாதரச மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து வாசிக்க ஒவ்வொருவருக்கும் வாய்ப்புக் கேளுங்கள். கீழிருந்து பார்த்தால் எண் மாறிவிடும். கண்ணாடி உருண்டை வழியே வெயில் குவிந்து அட்டையில் எரித்த கோட்டைப் பார்த்துவிட்டால், வெயில் மணிக்கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொலையுணர்வுத் துறையில், நெல் வயல்களைக் காட்டும், சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படங்களைக் கேளுங்கள். ரேடார் அலை மேகத்தை ஊடுருவும் என்பதால் மழைக்காலத்திலும் படம் கிடைக்கும். நீர் தேங்கிய நடவு வயல் அவ்வலையைக் கண்ணாடிபோல் வேறுபக்கம் திருப்பிவிடுவதால் கருமையாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். சென்டினல் சுமார் 700 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. 2024 பிப்ரவரி 17-இல் ஏவப்பட்ட இந்திய வானிலைச் செயற்கைக்கோள் இன்சாட்-3டிஎஸ் 36,000 கி.மீ. உயரத்தில் ஓரிடத்தின் மேலேயே நின்று மேகத்தைப் பார்க்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் போகும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துப் படம் இருக்குமானால், உங்கள் ஊர்க் கண்மாயைத் தேடச் சொல்லுங்கள். மாணவர்களின் மழைக் குறிப்பேட்டையும் அப்போது பொறுப்பாளரிடம் காட்டி, அளந்த முறையில் பிழை இருந்தால் அங்கேயே திருத்திக்கொண்டு வாருங்கள்.