உதட்டப் பார்த்து பேச்சப் புடிக்கிறது எப்படி: காது மந்தமானவங்களுக்கு தமிழ்லயே ஒரு செய்முறை

எனக்கு ரெண்டு காதும் மந்தம். சென்னை வண்ணாரப்பேட்டைல ஒரு பிரஸ்ல 19 வருஷம் ஆஃப்செட் மெஷின் ஓட்டினேன், காதுல எதுவும் மாட்டாம. ஆடியோகிராம்னு காது டெஸ்ட் கிராஃப் எடுத்தப்போ 4000 ஹெர்ட்ஸ் கிட்ட, அதாவது கீச்சுன்னு இருக்கற மேல் சத்தத்துல, கோடு அப்படியே பள்ளத்துல இறங்கியிருந்துச்சு, சத்தத்துல வேல பார்த்தவங்களுக்கு பெரும்பாலும் அங்கதான் முதல்ல அடி விழும்னு ஆடியாலஜிஸ்ட் மேடம் சொன்னாங்க. ஆளு பேசுறது கேக்கும், ஆனா இன்னா பேசுறாங்கன்னு புரியாது. இத அனுபவிச்சவங்களுக்கு நான் வெளக்க வேணாம்.

காது மிஷின் வாங்கி மாட்டியாச்சு, பாதி சரியாச்சு, மீதி பாதிக்குதான் லிப் ரீடிங் கத்துக்க ஆரம்பிச்சேன். நெட்ல தேடினா எல்லாமே இங்கிலீஷ் உதட்டுக்கு எழுதினது. அத வெச்சு ராயபுரத்துல ஒருத்தர் பேசுறத புடிக்க முடியாது. அதனால தமிழுக்கு நானே ஒன்றரை வருஷம் பார்த்து பார்த்து சேர்த்ததத்தான் இங்க எழுதுறேன்.

காது டாக்டர், அழுக்கு எடுக்கறது, டெஸ்ட்டு இதெல்லாம் முடிச்சிட்டுதான் வந்திருப்பீங்க, அதுக்குள்ள போகல. ஒன்னே ஒன்னு மட்டும், நேத்து வரைக்கும் நல்லா கேட்ட காது திடீர்னு ஒரு நாள்ல கேக்காம போனா இந்தப் பதிவ மூடிட்டு இன்னிக்கே இ.என்.டி. டாக்டர்கிட்ட போங்க, ஒரு வாரம் பார்க்கலாம்னு உக்காந்துடாதீங்க.

ஸ்டெப் 1: கண்ணு, வெளிச்சம், எடம்

முதல்ல கண்ணாடி. 40 தாண்டினவங்க கண் செக்கப் பண்ணாம இதுல எறங்காதீங்க, இனிமே உங்க காது பாதி கண்ணுலதான் இருக்கு.

அப்புறம் வெளிச்சம் பேசுறவங்க மூஞ்சில விழணும், உங்க கண்ணுல இல்ல. ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்க உக்காருங்க, அவங்கள எதிர்ல உக்கார வெய்ங்க, மாத்தி உக்காந்தா அவங்க மூஞ்சி வெறும் நெழலாத்தான் தெரியும். தூரம் ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர் போதும், ரொம்ப ஒட்டி நின்னா வாய் மட்டும்தான் தெரியும், கண்ணு, புருவம், கை ஆட்டறது எதுவும் தெரியாது, அதுலயும் பாதி சேதி இருக்கு. டீக்கடைல சுவத்துப் பக்கம் முதுகு வெச்சு நில்லுங்க, பின்னாடி இருந்து வர்ற சத்தம் கொறையும். ஆட்டோல டிரைவர் முதுகுதான் தெரியும், அங்க கண்ணாடில பார்த்துப் புடிக்கலாம்னு நான் முயற்சி பண்ணேன், அவரு நம்மளுக்காக திரும்பித் திரும்பிப் பேச ஆரம்பிச்சிடுறாரு, அது ஆபத்து. ஏறும்போதே எடத்தையும் காசையும் பேசி முடிச்சிடுங்க.

ஸ்டெப் 2: எந்த எழுத்து கண்ணுக்குத் தெரியும்

தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி இருக்கு, எந்த எழுத்து வாயில எந்த எடத்துல பொறக்குதுன்னு சொல்றது. ப, ம ரெண்டும் உதடு சேர்ந்து பொறக்கும், வ மேல் பல்லும் கீழ் உதடும் சேர்ந்து பொறக்கும், உ ஊ ஒ ஓ எல்லாம் உதடு குவிஞ்சு பொறக்கும். பள்ளிக்கூடத்துல இத படிச்சப்போ எதுக்குன்னே தெரியல, இப்போ எனக்கு இதுதான் முதல் சார்ட்டு.

கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. ஆ வாய் தொறக்கும், ஈ உதடு பக்கவாட்டுல இழுக்கும், ஊ குவியும். ப-வும் ம-வும் உதடு மூடும். வ-க்கு கீழ் உதடு பல்லத் தொடும். த-வுக்கு நாக்கு நுனி பல்லுகிட்ட லேசா தெரியும். அவ்ளோதான், நம்பிக்கையா தெரியறது இவ்ளோதான். க, ங தொண்டைகிட்ட, ட, ண, ள, ழ நாக்க மடக்கி உள்ள, இதெல்லாம் வெளிய நிக்கிற நமக்குத் தெரியாது. பழம், பலம், பள்ளம் மூணும் உதட்டுல ஏறக்குறைய ஒன்னுதான்.

அதவிடப் பெரிய சிக்கல் ஜோடிங்க. படம் மடம், பணம் மணம், பொட்டு மொட்டு. ஃபேன் வேன். எல்லாத்துக்கும் மேல, அப்பா அம்மா. ரெண்டும் உதட்டுல அச்சு அசலா ஒன்னு. கண்ணாடில சொல்லிப் பாருங்க, எனக்கு அன்னிக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு.

ஆனா இங்கதான் ஒரு நல்ல சேதி. ம-வுல ஒரு முனகல் இருக்கு பாருங்க, அது தாழ்ந்த சத்தம். என்ன மாதிரி மேல் சத்தம் போனவங்களுக்கு தாழ்ந்த சத்தம் ஓரளவு மிச்சம் இருக்கும், அதனால ப-வா ம-வான்னு காது சொல்லும், ப-வா த-வான்னு கண்ணு சொல்லும். ஒன்னு விட்டத இன்னொன்னு புடிக்குது. அதனாலதான் டிவிய முழுசா மியூட் பண்ணிட்டு பழகாதீங்கன்னு சொல்றேன், சத்தத்த கொறைங்க, அணைக்காதீங்க. மெஷினக் கழட்டிட்டும் பழகாதீங்க. கண்ணும் காதும் மூளைல ஒன்னாதான் வேல செய்யுது. 1976ல மெக்கர்க், மெக்டொனால்ட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க காட்டினாங்க, காதுக்கு பா-ன்னு சத்தம் குடுத்து கண்ணுக்கு கா-ன்னு சொல்ற வாயக் காட்டினா நெறைய பேருக்கு டா-ன்னு கேட்டுச்சு. நல்லா காது கேக்கறவங்களுக்கே அப்படி.

ஸ்டெப் 3: நான் விழுந்த எடம்

இங்க கொஞ்சம் நிதானமா படிங்க, எனக்கு ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

ஒரு நோட்டுல வார்த்தைங்கள எழுதி வெச்சு கண்ணாடில சொல்லிப் பழகினேன். மரம், பணம், வீட்டுக்கு வரணும். மரம்னு சொன்னா கடைசில உதடு மூடுது, சரி, கடைசில உதடு மூடினா ம்-னு மனப்பாடம் பண்ணிட்டேன். வெளிய வந்தா ஒருத்தரும் கடைசில உதட்ட மூடல. என் பொண்டாட்டி மூடல, டீக்கடை அண்ணன் மூடல, யாரும் மூடல. நான்தான் தப்பா பார்க்கிறேன், கண்ணும் போச்சான்னு பயந்துட்டேன்.

விஷயம் இன்னான்னா நாம பேசும்போது மரம்னு சொல்றதில்ல. மரோ-ன்னு மூக்கால முடிக்கிறோம், உதடு மூடுறதே இல்ல. வரணும்-ங்கறது வரணு-ன்னு மூக்குலயே நிக்குது. வந்தேன்-ல இருக்கற கடைசி ன்-னும் அப்படித்தான், மூக்குல போயிடும், கண்ணுக்கு வாய் சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். எழுத்துல இருக்கற தமிழுக்கு ஒரு உதடு, வாயில இருக்கற தமிழுக்கு வேற உதடு. கடைசில வர்ற உ-வும் அப்படி. காசு, பாட்டு, எட்டு, இதுல உதடு குவியாது, அத எதிர்பார்த்து நிக்காதீங்க. குற்றியலுகரம்னு படிச்சோமே, அரை மாத்திரைன்னு, அதான் இது.

இதுக்கு வழி, நோட்டத் தூக்கிப் போட்டுட்டு வீட்டு ஆளுங்கள செல்போன்ல வீடியோ எடுங்க. படிக்கச் சொல்லாதீங்க, பேசச் சொல்லுங்க. காலைல இன்னா சமைச்சே, பையன் இன்னா சொன்னான், அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் போதும். முதல் தடவ லேசான சத்தத்தோட ஓட விட்டுப் புரிஞ்சத எழுதுங்க, அப்புறம் வேகத்த 0.75க்கு கொறைச்சு திரும்பப் பாருங்க, அப்புறம் பேசினவங்களையே கேட்டு சரிபாருங்க. கண்ணாடி உங்க வாய உங்களுக்குக் காட்டும், நமக்கு வேணும்ங்கறது அடுத்தவங்க வாய். நான் இன்னிக்கும் வாரத்துக்கு மூணு நாள் இதத்தான் பண்றேன், எந்த ஆப்பும் இதுக்கு ஈடு இல்ல.

ஸ்டெப் 4: கடைசி வார்த்தை வரைக்கும் கண்ண எடுக்காதீங்க

போன வருஷம் திருவொற்றியூர்ல இருக்கற தங்கச்சி ராத்திரி வீடியோ கால் போட்டா. அழுதுட்டே பேசுறா, லைன்ல சத்தம் கரகரன்னு, உதடு மட்டும்தான் எனக்கு. "அம்மா விழுந்துட்டாங்க"ன்னு சொல்றாளா, "அப்பா விழுந்துட்டாரு"ன்னு சொல்றாளா? முதல் வார்த்தைலயே நான் மாட்டிக்கிட்டு மனசு எங்கயோ போயிடுச்சு, மீதி எதையும் பார்க்கல. அப்பா சுகர் பேஷன்ட், அவருதான்னு முடிவு பண்ணிட்டேன். போய்ப் பார்த்தா அம்மா, வழுக்கி விழுந்து கையில கட்டு. பெருசா ஒன்னும் ஆகல, ஆனா வழி முழுக்க நான் தப்பான ஆளுக்காக வேண்டிக்கிட்டுப் போயிருக்கேன்.

அப்புறம்தான் புரிஞ்சுது, பதில் அந்த வாக்கியத்துக்குள்ளயே இருந்துச்சு. விழுந்துட்டா"ங்க"ன்னா வாய் தொறந்தே நிக்கும், விழுந்துட்டா"ரு"ன்னா வாய் சின்னதா முடியும். யாரு, எத்தன பேரு, பண்ணாங்களா, பண்ணலயா, எல்லாம் தமிழ்ல வினைச்சொல்லோட வால்ல இருக்கு. அதனால முன்னாடி ஒரு வார்த்த போச்சுன்னா போகட்டும், அங்கயே நின்னு யோசிக்காதீங்க, முடியற வரைக்கும் பாருங்க, அப்புறம் பின்னாடி போய் விட்டத நிரப்புங்க. எத பத்திப் பேச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சுது, அதனால வந்து சேர்ந்ததும் "எத பத்திப் பேசறீங்க?"ன்னு கேட்டுடுங்க, அதுல கூச்சம் வேணாம்.

ஸ்டெப் 5: நம்பர நம்பாதீங்க

நம்பருக்கு முன்ன பின்ன பேச்சு உதவாது, அதான் கஷ்டம். அம்பது, எம்பது ரெண்டுலயும் நடுவுல உதடு மூடும், முதல் எழுத்துல வாய் எவ்ளோ தொறக்குதுங்கறதுதான் வித்தியாசம். இருவது, அறுவது, எழுவது மூணுலயும் நடுவுல வ. காசிமேட்டுல நெத்திலி ஒரு கூறு எம்பதுன்னு அக்கா சொன்னத அம்பதுன்னு எடுத்துக்கிட்டு அம்பது ரூபா நீட்டினேன், அவங்க நான் அடிச்சு பேசறேன்னு நெனச்சு கோவப்பட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. அன்னில இருந்து விலை கேக்கும்போதே என் கைய விரிச்சுக் காட்டிக் கேக்கறேன், "யக்கா, காது மந்தம், விரல்ல காட்டுங்க". இப்போ என்னப் பார்த்ததும் அவங்களே எட்டு விரல் காட்டுறாங்க. பெரிய தொகைன்னா செல்போன் கால்குலேட்டர நீட்டி அடிக்கச் சொல்லுங்க. மாத்திரை அளவு, பேங்க்கு கணக்கு, ஓ.டி.பி., இதுக்கெல்லாம் உதடே வேணாம், எழுதி வாங்குங்க.

ஸ்டெப் 6: திருப்பிக் கேக்கறது

"ஆ? இன்னா?"ன்னு கேட்டா அவங்க அதையே கத்துவாங்க. கத்தினா உதடு கோணிடும், இன்னும் புரியாது. வாய அகல அகலத் தொறந்து ஒவ்வொரு எழுத்தா சொன்னாலும் அப்படித்தான். புரிஞ்சத நீங்க முதல்ல சொல்லுங்க, விட்டத மட்டும் கேளுங்க: "சனிக்கெழம வரச் சொல்றீங்க, எத்தன மணிக்கு?" ரெண்டாவது தடவையும் புரியலன்னா "வேற மாதிரி சொல்லுங்க"ன்னு கேளுங்க. ஃபேன் புரியலன்னா மின்விசிறின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "மேல சுத்துதே அது"ன்னு சொல்லுவாங்க, அது போதும்.

தல ஆட்டாதீங்க. புரியாம சரி சரின்னு தல ஆட்டினதுல நான் சொந்தக்காரங்க கல்யாணத் தேதியே தப்பா போட்டு வெச்சிருந்தேன். முதல்லயே சொல்லிடுங்க, "எனக்கு காது மந்தம், என்னப் பார்த்துப் பேசுங்க, வெத்தல பாக்க மென்னு முடிச்சிட்டு பேசுங்க". செவிடுன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு இப்பவும் வலிக்கும், ஆனா மறைச்சு வெச்சா அதவிட அதிகமா வலிக்குது.

ஆப், டிவி பத்தி என் அபிப்பிராயம்

லைவ் டிரான்ஸ்கிரைப்னு கூகுளோட ஆப் இருக்கு, பேசுறத எழுத்தா காட்டும், தமிழும் எடுக்கும். அமைதியான ரூம்ல, ஒருத்தர் மட்டும் பேசினா நல்லா வேல செய்யுது, டாக்டர்கிட்ட போகும்போது நான் கண்டிப்பா ஆன் பண்ணி வெப்பேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு தீபாவளிக் கூட்டத்துல பிரயோஜனம் இல்ல, நம்ம பக்கத்துப் பேச்சும் அதுக்கு சரியா பிடிபடல. உதட்டுக்கு பதிலா அத பார்க்காதீங்க, உதட்டப் பார்த்துட்டு சந்தேகத்துக்கு அத பாருங்க.

டிவில செய்தி வாசிக்கறவங்க ஆரம்பத்துக்கு ரொம்ப நல்லது, நேரா பார்த்துப் பேசுவாங்க, வெளிச்சம் நல்லா இருக்கும். ஆனா அவங்க எழுத்துத் தமிழ் பேசுவாங்க, அதனால முதல் மூணு வாரத்துக்கு மேல அதுலயே நிக்காதீங்க. அப்புறம் வீட்டுப் பேச்சுக்கு மாறிடுங்க.

அப்புறம் சேர்த்தது: ஒரு அக்கா ஒரு மாசமா சீரியல் பார்த்துப் பழகறேன், ஒன்னுமே புடிபடலன்னு எழுதியிருந்தாங்க. எந்த சீரியல்னு கேட்டா டப்பிங் சீரியல். வாய் இந்தி பேசுது, சத்தம் தமிழ் பேசுது. எங்க போய் புடிக்கிறது? உடனே நிறுத்தச் சொன்னேன், நான் இத முதல்லயே எழுதியிருக்கணும்.

இன்னொன்னு: ஒரு தம்பி, சாயங்காலம் ஆனா ஒன்னுமே புரியல, காலைல நல்லா புரியுதுன்னு கேட்டிருந்தாரு. அது சோர்வு. கண்ணால கேக்கறது மூளைக்கு பெரிய வேல, நாள் முழுக்க பண்ணா தலவலி வரும், வீட்டுக்கு வந்து எரிஞ்சு விழத் தோணும். பழகறது ஒரு தடவைக்கு 15 நிமிஷம் போதும். வேலைல இருந்து வந்ததும் அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசாம உக்காருங்க, வீட்ல முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, இல்லன்னா கோவிச்சுக்கிட்டு இருக்கறதா நெனைப்பாங்க. என் வீட்ல நான் மெஷினக் கழட்டி டப்பாவுல வெச்சா அது அடையாளம், டீ மட்டும் பக்கத்துல வந்து நிக்கும். அந்த டப்பால ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் போட்டு வெய்ங்க, நம்ம ஊரு கடல் காத்துக்கும் வேர்வைக்கும் மெஷின் சீக்கிரம் போயிடும்.