அமெரிக்கச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் சிறுபான்மைப் பின்னணியை முன்வைப்பது எப்படி?

மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் 2003-இல் வந்த தீர்ப்பு, விண்ணப்பதாரரின் இனத்தையும் பல காரணிகளுள் ஒன்றாகக் கருத இடமளித்தது. அதனால் கறுப்பினத்தவர், மெக்சிக்க அமெரிக்கர், புவேர்ட்டோ ரிக்கர், பூர்வகுடியினர் ஆகியோருக்கு, எல்சாட் (சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தாலும் வாய்ப்பு இருந்தது. ஹார்வர்டு, வட கரோலைனா பல்கலைக்கழக வழக்குகளில் 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், இனத்தைக் குறிக்கும் கட்டத்தில் இடும் குறிக்கு அந்த எடை கிடையாது. முன்பு இடம் பெற்ற மாணவர்களின் மதிப்பெண் கணக்கை நம்பிக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தமிழர் உள்ளிட்ட ஆசிய வம்சாவளியினருக்கு அந்தச் சலுகை முன்பும் பொதுவாகக் கிடைத்ததில்லை.

எஞ்சியிருப்பது விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை. இனம் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தது என விண்ணப்பதாரர் எழுதுவதைக் கல்லூரி கருத்தில் கொள்ளலாம் என்றும், ஆனால் அது அவருடைய துணிவு, உறுதி போன்ற தனிப்பட்ட இயல்போடு பிணைந்திருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே, "நான் குடியேறிகளின் பிள்ளை" என்று தொடங்குவதைவிட, பன்னிரண்டு வயதில் தாயாருக்காக வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாக மொழிபெயர்த்து, பிடித்துவைத்த முன்பணத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெற்றதை எழுதுவது பயன் தரும். கட்டுரைக்கான கேள்வி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரே கட்டுரையை எல்லோருக்கும் அனுப்புவது சோம்பேறித்தனம்.

மதிப்பெண்ணுக்கு ஒவ்வொரு கல்லூரியும் அமெரிக்க வழக்கறிஞர் சங்க விதிப்படி ஆண்டுதோறும் வெளியிடும் 509 அறிக்கையில், சேர்ந்த மாணவர்களின் இடைநிலை எண்ணைப் பாருங்கள். பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வரவர இடங்களை நிரப்புவதால், நவம்பருக்குள் விண்ணப்பிப்பது நல்லது. இல்லாத பின்னணியை எழுதினால், பிற்காலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது நடக்கும் நன்னடத்தை விசாரணையிலும் அது வெளிப்படலாம்.