குடல் புற்றுநோய் அறிக்கையில் வாங்கிப் புரத வரிகளை வாசிப்பது எப்படி?

பயொப்சி அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது ‘பொசிட்டிவ்’ என்ற சொல்லைத்தான். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு அறிக்கை வந்தாலும் அது என் வீட்டு விறாந்தைக்கும் வந்து சேரும். வாங்கிப் புரதங்கள் (கலத்துக்கு வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்கள்) பற்றிய வரிகளை வாசிக்க, வருபவர்களிடம் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலில் கட்டி இருந்த இடத்தைப் பாருங்கள். சீக்கம், ஏறுகுடல் என்றிருந்தால் வலப்பக்கம். இறங்குகுடல், சிக்மொயிட், நேர்குடல் என்றால் இடப்பக்கம். ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்து நோயின் கட்டம். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவவில்லை என்றால், ராஸ் என்ற பரம்பரை அலகுப் பரிசோதனைக்காக நகையை அடகு வைத்துக் கொழும்புக்கு மாதிரி அனுப்ப அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் பரவிய நோய்க்கு மருந்து தேர்வதற்கானது.

இனி ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற வரி. கலத்தின் மேற்பரப்பில் நின்று, வளரச் சொல்லும் சமிக்ஞையை உள்ளே கடத்தும் வாங்கிப் புரதம் அது. குடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும். அதை அடைக்கும் செட்டுக்ஸிமாப் மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, இந்தப் புரதம் இருப்பதைக் காட்டும் சாயம் பிடித்த கட்டிகளுக்கே அது என்றார்கள். ஆனால் சாயம் பிடிக்காத கட்டிகள் சிலவும் சுருங்கின. நன்றாகப் பிடித்தவை பல அசையவில்லை. தோட்டத்து நீர்ப்பம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்: வயர் சுவிட்சைத் தாண்டி நேரே இணைந்துகிடந்தால், சுவிட்சை அணைத்தும் பம்பி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வயர்தான் ராஸ். அந்தப் பரம்பரை அலகில் விகாரம் ஏற்பட்டிருந்தால் வெளியே வாங்கியை அடைத்துப் பயனில்லை. குடல் கட்டிகளில் ஏறத்தாழ 40 வீதமானவற்றில் ராஸ் வகைகளில் ஒன்றான கே-ராஸில் விகாரம் உண்டு.

ஆகவே இ.ஜி.எஃப்.ஆர். பொசிட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால், நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவு கட்ட அது போதாது. “கே-ராஸ், என்-ராஸ் இரண்டும் பார்க்கப்பட்டனவா?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். விகாரம் இல்லை, கட்டியும் இடப்பக்கம் என்றால் இந்த வகை மருந்து பலன் தர வாய்ப்பு அதிகம். வலப்பக்கம் என்றால் குறைவு.

‘ஹெர்-2’ இன்னொரு வாங்கி. 0, 1+, 2+, 3+ என்று புள்ளி போடுவார்கள். 3+ என்றால் நுணுக்குக்காட்டியில் பெரும்பாலான கலங்களின் ஓரம் முழுச் சுற்றாகவோ பக்கங்களிலோ கடும் மண்ணிறத்தில் தெரியும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். 2+ வந்தால் ‘ஃபிஷ்’ என்ற மேலதிகப் பரிசோதனை வேண்டும். குடல் புற்றுநோயில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடமே இது மிகுந்திருக்கும். பெரியம்மாவின் மார்பகப் புற்றுநோய் அறிக்கையோடு ஒப்பிடாதீர்கள்; இரண்டுக்கும் வரையறை வேறு.

எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கும் வாங்கிகள் அல்ல, கலத்தின் கருவுக்குள் இருந்து டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள். ஆனாலும் தாண்டிவிடாதீர்கள். இங்கே வாசிப்பு தலைகீழ்: புரதம் இருப்பதுதான் வழமை, ‘இழப்பு’ என்று இருந்தால் கவனியுங்கள். நோயெதிர்ப்புச் சிகிச்சை பலன் தரக்கூடும். குடும்ப வழியாக வரும் நோயாகவும் இருக்கலாம். கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் என்று எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

குவானைலில் சைக்கிளேஸ்-சி போன்ற வேறு வாங்கிகளைப் பற்றியும் செய்தி வரும். அவை ஆய்வில் இருப்பவை. அவற்றுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

சில வேளை மாதிரிப் போத்தலை உறவினர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அது ஏ-9 வீதியில் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகும். மூடி இறுக்கமாக இருக்கிறதா, இழையம் முழுவதும் போர்மலினில் மூழ்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். திறந்து மணக்காதீர்கள், கண் எரியும். குறைந்தால் தண்ணீரோ சேலைனோ விடாதீர்கள். கொடுத்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோங்கள். ஐஸ்பெட்டியும் வேண்டாம். சரியாகப் பதப்படாத இழையத்தில் சாயம் பொய் சொல்லும்.

அறிக்கையில் உள்ள மாதிரி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மெழுகுக் கட்டியாக வைத்திருக்கும் அந்த இழையத்தில்தான் பிந்திய பரிசோதனைகள் நடக்கும். இலக்கம் இருந்தால் தேடி எடுக்கலாம். அறிக்கையை மட்டும் லமினேட் செய்துவிடாதீர்கள். வைத்தியர் ஓரத்தில் எழுத இடம் வேண்டும்.