மதுரைப் பழைய நகருக்குள் சிறு குழுவை நடத்திச் செல்லும் முறை

மதுரையின் பழைய நகரை விருந்தினருக்கு நடந்து காட்ட விரும்புவோர், பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வதற்கு முன் அதன் தெருக்களின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து விரிகின்றன. ஆகவே வெளியிலிருந்து உள்நோக்கி நடப்பதே பொருத்தமானது. கோயிலில் தொடங்கினால், அதன் பிறகு காட்டுபவை எவ்வளவு அரியவையாயினும் பார்ப்பவர் மனம் அவற்றில் நிற்பதில்லை.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். கடை வாசலை மறைக்காமல் நின்று, குரலை உயர்த்தாமல் பேச அந்த அளவே இடம் தரும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் ஜவுளிக் கடைப் பகுதியில் நடக்கவே வழியிராது என்பதால் அந்நாள்களைத் தவிர்த்துவிடலாம்.

திருமலை நாயக்கர் மகால் மாலையில் சீக்கிரமே மூடப்படும். எனவே பிற்பகல் மூன்றரை மணிக்கு அங்கே தொடங்குவது நல்லது. 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். சொர்க்க விலாசம் என்னும் அரியணை மண்டபத்தைக் கண்ட கையோடு, வடக்கே பத்துத்தூண் சந்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே, தாங்குவதற்குக் கூரை ஏதுமின்றி நிற்கும் அந்தப் பெருந்தூண்கள், மறைந்துபோன அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை எந்த விளக்கத்தையும் விடத் தெளிவாக உணர்த்தும். இங்கே சில நிமிடங்கள் பேசாமல் இருந்து, குழுவினரைத் தாங்களாகவே அண்ணாந்து பார்க்க விடுவது என் விருப்பம்.

அடுத்து விளக்குத்தூண். 1840-களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்டது அது. வெளி வீதிகள் அந்த மதிலும் அகழியும் இருந்த இடத்தில் அமைந்தவை என்று விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. களைப்பாற ஜிகர்தண்டாவும் இங்கேயே கிடைக்கும்.

மாசி வீதியில் குழுவினரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரையில் வழங்கிவரும் செய்தி. விடையை உடனே சொல்லாமல், அவர்கள் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தெருப் பெயர்களைத் தாமாகவே கவனிக்கும் பழக்கம் அதன் பிறகு அவர்களிடம் தொற்றிக்கொள்ளும்.

அங்கிருந்து உள்நோக்கி நடந்தால், முற்றுப்பெறாமல் அடித்தளத்தோடு நின்றுவிட்ட இராய கோபுரமும், அதற்கு எதிரே புது மண்டபமும் வரும். மண்டபத்தில் திருப்பணி நடக்கும் காலத்தில் வெளியிலிருந்தே காட்டலாம். நெடுங்காலம் அங்கே இருந்த தையல்காரர்களையும் புத்தகக் கடைக்காரர்களையும் பற்றி மறவாமல் சொல்லுங்கள்.

கிழக்குக் கோபுரத்தின் முன் நடையை முடித்துக்கொள்ளலாம். கோயிலுக்குள் செல்வோர் 2018 தீ விபத்துக்குப் பின் வந்த தடையால் கைப்பேசியை வெளியிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதையும் உடைக் கட்டுப்பாட்டையும் முதல் நாளே தெரிவித்துவிட வேண்டும்.